இருபத்தாறாம் நம்பர் மாப்பிள்ளை

'டெலிபோன் ஆபரேட்டர்கள் எல்லாரும் ஒட்டுக் கேட்பீர்களாமே, உண்மையா?' என்று கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். கேள்விக்குப் பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி வேறு.

உண்மைதான் அம்மா. கேட்போம். கேட்காமல் எப்படி வேலை பார்ப்பது? பேசி முடித்தார்களா, லைன் அறுந்துவிட்டதா என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா? அந்தச் சாக்கில் ஒரு பாகப்பிரிவினை, இரண்டு மாமியார் சண்டை காதில் விழத்தான் செய்யும்.

ஆனால் சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை நான் ஒட்டுக் கேட்கவில்லை. கேட்காததால் என்ன ஆயிற்று தெரியுமா? மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவருக்கா மகளைக் கொடுக்கப் பார்த்தோம் என்று, சாத்தான்குளத்தில் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு — நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ஸி ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். பிறந்த ஊர் புன்னைக்காயல். கரையில் நின்று கடலில் இருக்கிற அப்பாவுக்குக் குரல் கொடுத்து வளர்ந்தவள். எனக்கு டெலிபோன் என்பதே ஓர் அலங்காரம்தான்.

போன தை மாதம்வரை என்னிடம் இருந்தது பழைய போர்டு. வயர் வயராகத் தொங்கும். யாருக்கு யார் வேண்டுமோ அந்த ஓட்டையில் முனையைச் செருக வேண்டும். பேச்சு பிடிக்கவில்லையென்றால் பிடுங்கிவிடலாம். பிடுங்கியும் இருக்கிறேன்.

தையில் வந்தது புது ஸ்விட்ச். ஆட்டோமேட்டிக்! பீரோ உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. என் ரூம் மூலையில் நின்று நாளெல்லாம் கடகடவென்று பல்லைக் கடிக்கும். இனி மேஜைக்கு மேஜை போன். ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர். ஆபீஸுக்குள் ஒருவரை ஒருவர் அவர்களே சுழற்றிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். வெளியூர் கால் மட்டும்தான் என்னிடம் வரும். நான் நம்பரைச் சுழற்றி லைனைக் கொடுத்துவிட்டால்... அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. ஒட்டுக் கேட்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது.

விஞ்ஞானம் வளர வளர மனுஷியின் சந்தோஷம் குறைந்துகொண்டே போகிறது!

சரி, நம்பர் போட்ட கதைக்கு வருகிறேன். மேனேஜருக்கு இருபத்தொன்று. அதில் தகராறு இல்லை. அதற்கு மேல் எல்லாருக்கும் சின்ன நம்பர்தான் வேண்டுமாம். எனக்கு உனக்கு என்று ஹாலில் ஒரே கூச்சல். அப்போது எழுந்தார் ஹெட் கிளார்க் சிவசுப்பு அண்ணாச்சி. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நெல்வயல் குடும்பம். வாய்க்கால் தண்ணீர் முதலில் யார் வயலுக்கு என்று பஞ்சாயத்துப் பண்ணிப் பழகிய பரம்பரை.

"இதுல சண்டைக்கு என்னவே இருக்கு? சர்வீஸ் ரிஜிஸ்டர எடுங்க. முந்திச் சேந்தவனுக்கு முந்தின நம்பர்" என்றார்.

தீர்ந்தது. இருபத்திரண்டு அவருக்கே வந்தது. இருபத்துமூன்று கேஷியருக்கு. அப்படியே வரிசையாக. இருபத்தெட்டை மட்டும் யாரும் தொடவில்லை. எட்டு ஆகாதாம். அதைக் குடோனுக்குக் கொடுத்தார்கள். உப்பு மூட்டைகள் ராசிபலன் பார்ப்பதில்லையே!

சிக்கல் வந்தது டெலக்ஸ் ரூமில். டெலக்ஸ் என்பது டைப்ரைட்டர் மாதிரி ஒரு மிஷின். இங்கே அடித்தால் பம்பாயில் அச்சாகும், அங்கே அடித்தால் இங்கே அச்சாகும். சத்தம் மட்டும் இரண்டு ஊருக்கும் சேர்த்து இங்கேயே. அந்த ரூமிலும் ஒரு போன் உண்டு. ஆனால் அங்கே ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறுவார்கள். யாருடைய சர்வீஸைப் பார்ப்பது? சிவசுப்பு அண்ணாச்சி மோவாயைத் தடவினார்.

"மிஷின் என்னைக்கு வந்துச்சு?"

மிஷின் வந்தது ஒரு மாசி மாதம். உப்புக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு கிளார்க் செல்லப்பா அண்ணாச்சி எங்களிடம் சேர்ந்தது அதே வருஷம் பங்குனியில். ஆகவே மிஷினுக்கு இருபத்தாறு. செல்லப்பா அண்ணாச்சிக்கு இருபத்தேழு.

செல்லப்பா அண்ணாச்சி நேரே என் ரூமுக்கு வந்தார். "நான் ஒரு மிஷினுக்கு ஜூனியரா, ஆபரேட்டரம்மா? அது லீவு லெட்டர் எழுதுமா?"

"அது லீவே எடுக்காதே அண்ணாச்சி" என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாவம், அவர் மனசு வேறு நொந்திருந்தது. சீனியர் கிளார்க் ஆக்கச் சொல்லி மெட்ராஸ் ஹெட் ஆபீஸுக்கு மூன்று மனு போட்டிருந்தார். மூன்றுக்கும் பதில் இல்லை. அவருக்கென்று ஆபீஸில் இருந்த ஒரே கௌரவம், நாற்காலியில் போட்டிருக்கும் இலவம்பஞ்சுத் திண்டு. பூப்போட்ட உறை. அதில் வேறு யாரும் உட்காரக்கூடாது.

பங்குனியில் கேஷியர் ரிட்டயர் ஆனார். மாலை, மிக்சர், குரூப் போட்டோ. மாலை வாடுவதற்குள் கேள்வி வந்துவிட்டது — இருபத்துமூன்று இனி யாருக்கு?

"எல்லாரும் ஒரு நம்பர் ஏற வேண்டியதுதான்" என்றார் சிவசுப்பு அண்ணாச்சி. போன் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவன் கையை விரித்துவிட்டான். வயரை மாற்ற மனுப் போட வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்றான்.

"நம்பர் நகராட்டா என்ன? நாம நகருவோம்!"

நகர்ந்தார்கள் ஐயா, நகர்ந்தார்கள்! திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸே எழுந்து ஒரு மேஜை தள்ளி உட்கார்ந்தது. பைல், டிபன் கேரியர், முருகன் காலண்டர், குடை எல்லாம் கைக்குக் கை மாறின. ஆளுக்கு ஒரு மேஜை தூரம்தான். ஆனால் முகத்தைப் பார்த்தால் கலெக்டராகிவிட்ட களை.

இதில் மிஷின் என்ன செய்யும்? சீனியாரிட்டிப்படி அது ஹாலில் இருக்கிற இருபத்தைந்தாம் மேஜைக்குப் போக வேண்டும். அதன் லைனோ அந்த ரூம் சுவரில் இருக்கிறது. போகாது. எங்கள் ஆபீஸில் பதவி உயர்வை மறுத்த முதல் ஊழியர் அதுதான். சரி, இருபத்தைந்தை அடுத்தவருக்குக் கொடுக்கலாமே? கூடாதாம். "வந்தாலும் வராட்டாலும் அது அதோட எடம்" என்றுவிட்டார் சிவசுப்பு அண்ணாச்சி. அந்த மேஜை காலியாகக் கிடந்தது. மேலே ஒரு போன். அது மிஷினுடையது. வேறு யாரும் தொடக்கூடாது.

இருபத்தாறாம் போன் டெலக்ஸ் ரூமுக்குள் இருந்ததா? செல்லப்பா அண்ணாச்சி திண்டோடு அந்த ரூமுக்குள் குடியேறினார்.

புரிகிறதா? மிஷின் உள்ளே. மிஷினின் போன் வெளியே. உள்ளே இருக்கிற போன் செல்லப்பா அண்ணாச்சியுடையது. எனக்கே இது புரிய ஒரு நாள் பிடித்தது. அந்த ஒரு நாளில்தான் எல்லாம் நடந்தது.

இனி மாப்பிள்ளை. டெலக்ஸ் மிஷினில் பகல் ஷிப்டு பார்க்கும் முத்துராஜ், விளாத்திகுளத்துப் பையன். வயது முப்பத்தொன்று. தங்கமான குணம். ஆனால் அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து, பேசினால் கத்துவான். 'காபி நல்லா இருக்கு' என்று பெண் வீட்டில் சொன்னால் தெருவே திரும்பிப் பார்க்கும். 'பையன் கோபக்காரன் போலிருக்கு' என்று ஆறு இடம் தட்டிப்போயிற்று.

ஏழாவது, சாத்தான்குளத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சியின் மகள் சண்முகக்கனி. இந்தத் தடவை முத்துராஜ் ஒரு தந்திரம் செய்தான். வாயே திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினான். பதற்றத்தில் விரல் மட்டும் காபி டம்ளரின் மேல் டெலக்ஸ் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அந்தப் பெண் சிரித்துவிட்டாளாம்.

"அக்கா, அவ சிரிச்சா பாத்துக்கிடுங்க. கேலியா இல்ல. நல்லா சிரிச்சா" என்று அந்த வாரம் முழுக்க என்னிடம் சொன்னான். கத்திச் சொன்னான். ஆபீஸுக்கே தெரிந்தது.

ஆனால் பெண்ணின் தகப்பனாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பையன் ஏன் வாயே திறக்கவில்லை? ஊமையோ? திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நானே போனில் பேசிப் பார்க்கிறேன், பேசினால் சம்பந்தம், இல்லாவிட்டால் புதன்கிழமை விருதுநகர் மாப்பிள்ளை வருகிறார் என்று சொல்லி அனுப்பினார். முத்துராஜும் ஆபீஸ் நம்பரை எழுதி, 'எக்ஸ்டென்ஷன் 26' என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுக் கடிதம் அனுப்பிவிட்டான். அப்போது அவன் இருபத்தாறு.

திங்கட்கிழமை காலை நம்பர் எல்லாம் மாறியதைப் பார்த்துப் பதறி ஓடிவந்தான். "அக்கா, சாத்தான்குளத்து போன் வந்தா மறந்திராம இருபத்தஞ்சுக்குக் குடுங்க. வெளிய வந்து எடுத்துக்கிடுதேன். இதுவும் போச்சுன்னா நான் இனிமே பொண்ணே பாக்கப் போறதில்ல" என்றான். எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மறப்பேனாடா என்று தோளில் தட்டி அனுப்பினேன்.

மறந்தேன்.

சரியாகப் பதினோரு மணி. சாத்தான்குளம் எக்ஸ்சேஞ்சிலிருந்து கால். "எம்மா, இருபத்தாறாம் நம்பர் குடு" என்றது ஒரு கனத்த குரல். முடிவாகாத சம்பந்தமாயிற்றே, முன்பின் தெரியாதவளிடம் பையன் பெயரைச் சொல்வாரா? நம்பரை மட்டும் சொன்னார். 'மாதாவே, இந்தப் பையனுக்கு ஒரு வழி காட்டு' என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். மனசு வேண்டியது. விரல் பழக்க தோஷத்தில் இரண்டையும் ஆறையும் சுழற்றியது. லைனைக் கொடுத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் செல்லப்பா அண்ணாச்சி முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"ஆபரேட்டரம்மா! மெட்ராஸ்லயிருந்து கூப்பிட்டுட்டாவ!"

"எங்கேயிருந்து?"

"ஹெட் ஆபீஸ்! காலைல நம்பர் ஏறுனேன், பதினோரு மணிக்கு போன் வருது. வேகத்தப் பாத்தீயளா? 'இருபத்தாறா'ன்னாவ. 'இன்னையிலயிருந்து நாந்தான் இருபத்தாறு'ன்னேன். 'வயசு என்ன'ன்னாவ. 'வார ஆவணிக்கு நாப்பத்தேழு'ன்னேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்புறம்?"

"'என்னது'ன்னு ரெண்டு தடவ கேட்டாவ. பொறவு 'வீட்டுல யாரெல்லாம்'னாவ. 'பெஞ்சாதி, மூணு பொம்பளப் பிள்ளைய, மூத்தவ எஸ்.எஸ்.எல்.சி.'ன்னேன். குடும்பஸ்தனுக்குத்தான முதல்ல புரமோஷன் குடுப்பாவ? அதுக்கு அவிய என்னமோ சத்தம் போட்டாவ. மிஷின் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. லைனும் கட்டாயிட்டு."

"மெட்ராஸ்காரர் பேச்சு எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"அதான் அதிசயம்! அப்படியே நம்ம சாத்தான்குளத்து ஆளு மாதிரி பேசுதாவ. இனிமே ஹெட் ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே டெலக்ஸ் ரூமுக்குத் திரும்பினார்.

நான் எழுந்து ஹாலை எட்டிப் பார்த்தேன். டெலக்ஸ் ரூம் வாசலில் முத்துராஜ் நின்றுகொண்டிருந்தான். காலி மேஜை மேல் இருக்கிற இருபத்தைந்தாம் நம்பர் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் அடித்தது செல்லப்பா அண்ணாச்சியின் போன்தானே என்று திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

"இன்னும் வரலியேக்கா? மறந்திருப்பாவளோ?" என்றான்.

இதைச் சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு நிஜமாகவே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 'வரும்டா' என்று சொல்லிவிட்டு ரூமுக்கு ஓடினேன்.

சாத்தான்குளம் எக்ஸ்சேஞ்சில் பாக்கியம் என்று ஓர் ஆபரேட்டர் உண்டு. நாங்கள் பார்த்துக்கொண்டதே இல்லை. தினமும் பேசிக்கொள்வோம்.

"பாக்கியம், இப்ப எங்களுக்குப் பேசினது யாரு?"

"பாத்திரக்கடை அண்ணாச்சி, அக்கா. மூணு பிள்ளக்காரருக்கா சண்முகக்கனியக் கேக்கீய? வெக்கமா இல்ல?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டேன்லா!" என்றாள் பாக்கியம், கூச்சமே இல்லாமல். "எங்க போர்டு பழைய போர்டுதான. அவிய 'வேண்டாம்'னு சொல்ல வாயெடுத்தாவ, சடார்னு வயரப் பிடுங்கிட்டேன். அந்த அண்ணாச்சி ஒரு தடவ வேண்டாம்னா வேண்டாம்தான். பெறவு சாமியே வந்தாலும் மாத்த மாட்டாவ. ஏதோ தப்பு நடக்குதுன்னு தோணிச்சு."

கோவில்பட்டி வாசகியே, கவனியுங்கள். ஒட்டுக் கேட்டவள் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றினாள். ஒட்டுக் கேட்காதவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்!

"லைனைக் குடு தாயி" என்றேன்.

பாத்திரக்கடை அண்ணாச்சி கொதித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா வெளாட்டு காட்டுதீய? செகப்பு மையில இருபத்தாறுன்னு எழுதியிருக்கான். எடுத்தவரு நாந்தான் இருபத்தாறுங்காரு!"

"அது மிஷின் நம்பர் அண்ணாச்சி. மிஷினுக்கு சர்வீஸ் கூட. இன்னைக்கு அதுக்கு இருபத்தஞ்சாயிட்டு. ஆனா மிஷின் போகல. அதனால..."

"மிஷினுக்கு சர்வீஸா?" அவர் குரல் இறங்கியது. "ஏம்மா, அங்கன எல்லாருக்கும் ஒடம்பு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கோம் அண்ணாச்சி" என்றேன்.

"அந்தப் பையன் வாயத் தொறந்து பேசட்டும். இப்பவே பேசட்டும்" என்றார்.

இருபத்தைந்தைச் சுழற்றினேன். ஹாலில் மணி அடிக்கிறது, அடிக்கிறது. எடுக்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்துக் கப்பல் செய்தி ஒன்று வந்து, முத்துராஜ் உள்ளே மிஷினிடம் ஓடியிருக்கிறான். சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மிஷினின் போனை அவர்கள் எப்படி எடுப்பார்கள்?

வேறு வழியில்லை. இருபத்தாறு.

"செல்லப்பா ஸ்பீக்கிங்! மெட்ராஸா?"

புன்னைக்காயல் கரைக் குரலை எடுத்தேன். "அண்ணாச்சி! அது மெட்ராஸ் இல்ல, சாத்தான்குளம்! முத்துராஜுக்குப் பொண்ணு குடுக்கிற வீடு! உங்க பிள்ளைங்க கணக்கைச் சொல்லிச் சம்பந்தத்தைக் கலைச்சு வச்சிருக்கீங்க!"

இதற்கு போனே தேவைப்பட்டிருக்காது. கீழே சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாம்.

அந்தப் பக்கம் செல்லப்பா அண்ணாச்சியின் குரல் சின்னதாகிவிட்டது. "அப்போ... ஹெட் ஆபீஸ் இல்லியா?"

"இல்லை அண்ணாச்சி."

மூன்று பெண்களைப் பெற்றவர் அவர். வேறு யாராவது என்றால் 'என் நம்பருக்கு வந்த போன்' என்று சட்டம் பேசியிருப்பார்கள். அவர் பேசவில்லை. "ஏலே முத்துராசு! மாமனாருலே! ஓடியா!" என்று அலறினார்.

லைனைக் கொடுத்துவிட்டு நானும் ஓடினேன். ஒட்டுக் கேட்க முடியாத ஆபரேட்டர் வேறென்ன செய்வாள்?

போய்ப் பார்த்தால், முத்துராஜ் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்கிறான். மிஷின் நிற்காமல் அடிக்கிறது. கப்பல் செய்தியாயிற்றே, நிறுத்த முடியாது. ஒன்றும் கேட்கவில்லை என்று அவன் கண்ணில் நீர். அப்போது செல்லப்பா அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். யாரையும் தொடவிடாத அந்தப் பூப்போட்ட திண்டை எடுத்தார். மிஷின் மேல் அமுக்கினார். அதுவும் போதவில்லை என்று, தானே அதன் மேல் குப்புறக் கவிழ்ந்து, இரண்டு கையாலும் மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் உடம்பு மட்டும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

சத்தம் அடங்கியது. பாத்திரக்கடை அண்ணாச்சியின் குரல் ரிசீவரைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

"தம்பி, இப்பமாவது நீருதானா? ஒமக்கு எத்தன பிள்ளைய?"

பழக்கம் விடுமா? முத்துராஜ் முழுக் குரலில் கத்தினான். "பிள்ளையெல்லாம் கெடையாது மாமா!"

அந்த நேரம் பார்த்து மிஷினும் அடித்து முடித்துவிட்டது.

"கடைசில என்ன சொன்னீரு?"

முத்துராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் நிச்சயமே ஆகவில்லை. முதல்முறையாக அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டேன். "...மாமான்னு சொன்னேன்."

போனில் ஒரு சிரிப்புக் கேட்டது. அது பாத்திரக்கடை அண்ணாச்சியின் சிரிப்பு இல்லை. பக்கத்தில் யாரோ நின்றிருக்கிறார்கள். முத்துராஜ் முகத்தைப் பார்த்தேன். யாருடைய சிரிப்பு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வாயும் இருக்கு, நல்ல தொண்டையும் இருக்கு" என்றார் வருங்கால மாமனார். "வைகாசில வச்சுக்கிடுவோம்."

கப்பல் செய்தி? திண்டு அமுக்கியதில் பேப்பர் நகராமல், மொத்தச் செய்தியும் ஒரே வரியில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கறுப்புக் கோடாகிவிட்டது. 'எங்கள் கிளார்க் மிஷின் மேல் படுத்திருந்தார்' என்று எழுத முடியுமா? 'லைன் கோளாறு, மறுபடி அனுப்பவும்' என்று கேட்டு வாங்கினோம்.

மறுநாளே செல்லப்பா அண்ணாச்சி திண்டை எடுத்துக்கொண்டு தன் பழைய மேஜைக்கே வந்துவிட்டார். அங்கே ஏறி உட்கார்ந்திருந்தவர் ஒரு மேஜை இறங்கிப் போனார். "எனக்கு இருபத்தேழு போதும். அந்த நம்பருல வார போனு ஒண்ணும் நமக்கு ஆகல" என்றார். மிஷின் மறுபடியும் இருபத்தாறு. முத்துராஜும்தான். இருபத்தைந்தாம் மேஜை காலியாகவே கிடக்கிறது.

முந்தாநாள் கல்யாண அழைப்பிதழ் வந்தது. எதிலும் ஒரு முறை வேண்டும் என்று சிவசுப்பு அண்ணாச்சியே சர்வீஸ் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கவரில் பெயர் எழுதி, நம்பர் வரிசையில் கொடுக்கச் சொன்னார். இருபத்துமூன்று, இருபத்துநான்கு என்று கொடுத்துக்கொண்டே வந்தான் முத்துராஜ். செல்லப்பா அண்ணாச்சி எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்து, இரண்டு கையையும் நீட்டினார்.

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, முத்துராஜ் அடுத்த கவரை எடுத்துக்கொண்டு மிஷினிடம் போனான்.